சோதித்து அறிகிற கை

நம்முடைய சபைகளில் தேவசித்தம் தேடுகிற காரியங்கள் பெரும்பாலும் மூன்றுதான்: கல்யாணம், வேலை, வீடு. இவற்றில் ஒன்று வந்தால் உபவாசம் இருக்கிறோம், போதகரை வீட்டுக்கு அழைக்கிறோம், வாக்குத்தத்த அட்டையை எடுத்துப் பார்க்கிறோம். மற்ற நாட்களில் என்ன வட்டிக்குக் கடன் வாங்கினோம், வாட்ஸ்அப்பில் எதைப் பரப்பினோம், பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் முடிந்து வரும் வழியில் யாரைப் பற்றி என்ன பேசினோம் என்பதற்கெல்லாம் ஜெபம் தேவைப்படுவதில்லை. பிறகு பெரிய முடிவு வரும்போது, கர்த்தர் என்ன சொல்கிறார் என்றே புரியவில்லையே என்று தவிக்கிறோம்.

புரியாததில் ஆச்சரியமில்லை. எபிரெயர் நிருபத்தின் 5-ஆம் அதிகாரம், நன்மை எது தீமை எது என்று பிரித்தறிகிற புலன் பயிற்சியால்தான் தேறுகிறது என்கிறது. பட்டு நெய்கிற ஆரணிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வருஷக்கணக்கில் பட்டு வாங்கி விற்ற ஒருவர் சேலையின் மடிப்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு முறை உருட்டிப் பார்த்துவிட்டு, “இதுல கலப்பு இருக்கு” என்று சொல்லிவிடுவார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. அவர் உபவாசம் இருந்து அந்தத் திறமையைப் பெறவில்லை. ஆயிரக்கணக்கான சேலைகளைத் தொட்டிருக்கிறார், பல தடவை ஏமாந்துமிருக்கிறார். ஆகவே நாமும் சின்ன காரியங்களில் தொடங்குவோம்.

கடைப் பாயில்

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பேருக்கு மதிப்பு இருக்கும் ஊரில் அந்தப் பேரை வைத்துப் பிழைக்கிற சோதனையும் இருக்கும். நல்ல ஜரிகையின் உள்ளே சிவப்புப் பட்டு நூல் ஓடும். ஓர் இழையைப் பிரித்துச் சுரண்டினால் தெரிந்துவிடும். பட்டு நூலைக் கொளுத்தினால் தலைமுடி கருகுகிற வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகி மணி போலக் கெட்டியாகும். கடையில் வேலை செய்கிற எல்லாருக்கும் இது தெரியும், வாங்க வருகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

ஒரு காட்சியை வைத்துக்கொள்வோம். வேலூரிலிருந்து ஓர் அம்மாள் மகளின் நிச்சயதார்த்தத்துக்குச் சேலை எடுக்க வந்திருக்கிறார். கடையில் இருப்பது ஞாயிறுதோறும் பாடகர் குழுவில் பாடுகிற பெண்.

“ஏம்மா, இது ஒரிஜினல் ஜரிகைதானே?”

“இந்த ஜரிகையாம்மா? வருஷக்கணக்கா கறுக்காது. முந்தியப் பாருங்க.”

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அது மட்டமான ஜரிகை, கறுக்காது என்பது உண்மை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. கேட்டவர் தமக்கு வேண்டிய பதிலைத் தாமே எடுத்துக்கொள்ளும்படி வார்த்தை வளைந்து கொடுத்திருக்கிறது. உபாகமம் 25, ஒரே பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு எடைக்கல் வைத்திருப்பதைக் கண்டிக்கிறது. அந்த இரண்டாவது கல் இன்றைக்கு இப்படிப்பட்ட பதிலில் இருக்கிறது. கைத்தறி, விசைத்தறி விஷயமும் இதேதான். 1985-ஆம் ஆண்டுச் சட்டம் 11 ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. விசைத்தறியில் ஓடியதைக் கைத்தறி என்று விற்றால் தறிப் பள்ளத்தில் கால் வைத்து நாள்கணக்கில் நெய்தவனின் கூலி அங்கே பறிபோகிறது.

சொந்தக் கடை என்றால் வழி எளிது: கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். “இது சுத்த ஜரிகை இல்லம்மா, அதனாலதான் இந்த விலை.” சம்பளத்துக்கு நிற்கிறவர் என்ன செய்வது? முதலாளி சொல்லச் சொன்னதைச் சொல்லாவிட்டால் வேலை போகும். “எனக்குத் தெரியாதும்மா” என்பதும் பொய்தான், ஏனென்றால் தெரியும். “இந்த ஜரிகைக்கு நான் கேரண்டி சொல்ல மாட்டேம்மா, முதலாளியையே கேட்டுக்குங்க” என்று சொல்லலாம். இதில் நஷ்டம் உண்டு. ஆனால் எந்த நஷ்டத்தை ஏற்பது, எதை மறுப்பது என்று கடைப் பாயில் உட்கார்ந்து பழகிய மனசுதான் நாளைக்கு மகளுடைய சம்பந்தத்தைப் பேசும்போது, மாப்பிள்ளை வீட்டார் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுகிறார்கள் என்று கண்டுபிடிக்கும்.

ஆயுத பூஜைப் பொரி

ஆரணிப் பக்கத்தில் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் பிறருடைய இடத்தில் வேலை செய்கிறவர்கள். தறி முதலாளியுடையது, அரிசி ஆலை முதலாளியுடையது. ஆயுத பூஜையன்று தறிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி, கடலை, வெல்லம், பழம் வைத்துப் படைத்து, முடிந்ததும் வேலைக்காரர்களுக்கெல்லாம் ஒரு பொட்டலமும் போனஸும் கொடுப்பார்கள். அந்தப் பொட்டலத்தை வாங்கலாமா கூடாதா என்று ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் கேள்வி வரும். வாங்கவே கூடாது என்பார் ஒருவர். ஜெபித்துவிட்டுச் சாப்பிட்டால் போயிற்று என்பார் இன்னொருவர். இரண்டு பேருக்கும் வசனம் இருக்கிறது.

பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, விக்கிரகங்களுக்குப் படைத்த இறைச்சியைப் பற்றிக் கிட்டத்தட்ட இதே கேள்வியைத்தான் எடுக்கிறார். முதல் நிருபத்தின் 8-ஆம், 10-ஆம் அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கு என்கிறார். அவிசுவாசி விருந்துக்கு அழைத்தால் போய்ச் சாப்பிடு என்கிறார். பேய்களுடைய பந்தியில் பங்குகொள்ளாதே என்று அங்கேயே கண்டிப்பாகச் சொல்கிறார். பக்கத்தில் இருப்பவன் ‘இது படைத்தது’ என்று சொன்னால் அவனுடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே என்றும் சொல்கிறார். முரண்பாடாகத் தெரியும், ஆனால் இல்லை. அவர் பார்ப்பது தட்டில் இருக்கும் பொருளை அல்ல, அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மனிதர்களை.

ஆகவே ஒரே பொரிக்கு இரண்டு சரியான பதில்கள் இருக்க முடியும். மூன்று தலைமுறையாகச் சபையில் இருக்கும் பாட்டி, முதலாளியம்மா அன்போடு கொடுத்ததை வாங்கிப் பேரப்பிள்ளைக்குக் கொடுக்கிறார். அவருக்கு அது பொரிதான். அதே பட்டறையில் தார் சுற்றுகிற ஒரு பெண், சாமி குத்தம் என்கிற பயத்திலேயே வளர்ந்து, போன வருஷம்தான் ஞானஸ்நானம் எடுத்திருக்கிறாள். அவளுக்கு அது இன்னும் பொரியாக ஆகவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்து பாட்டி கொறித்தால் அந்தப் பெண்ணின் பழைய பயம் திரும்ப வரலாம். அன்றைக்குப் பாட்டி பையில் போட்டுக்கொள்வது நல்லது. இதற்குச் சட்டம் போட முடியாது. பட்டறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் புரியும்.

மறுபக்கத்தில் ஒரு தவறு உண்டு. அதைப் பரிசுத்தம் என்று பலர் நினைத்துக்கொள்வதால் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. வாங்கின பொட்டலத்தை முதலாளி கண்ணெதிரிலேயே சாக்கடையில் வீசுவது சாட்சி அல்ல, வெறும் மரியாதைக்கேடு. சீரியப் படைத்தலைவன் நாகமானை நினைத்துக்கொள்ளுங்கள் (2 இராஜாக்கள் 5). குஷ்டம் நீங்கியபின், தன் ராஜா ரிம்மோன் கோயிலில் பணியும்போது கைலாகு கொடுக்கிற உத்தியோகம் தனக்கு இருப்பதைச் சொல்லி அவன் மன்னிப்புக் கேட்கிறான். எலிசா அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை, சமாதானத்தோடு அனுப்பிவைக்கிறார். அடுத்தவர் வீட்டில் கைகட்டி வேலை செய்கிறவரின் நிலைமை அந்தத் தீர்க்கதரிசிக்குத் தெரிந்திருந்தது. நம் பிரசங்கிகள் பலருக்குத் தெரிவதில்லை.

வட்டி

2022-இல் வட ஆற்காட்டுப் பக்கம் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆருத்ரா கோல்டு டிரேடிங் விவகாரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,438 கோடி ரூபாய் வசூலானதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் கணக்குச் சொன்னது. மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை கிடைக்கும் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். அதே வருஷம் வேலூர், காட்பாடிப் பக்கம் ஐ.எஃப்.எஸ். நிதி நிறுவன விவகாரமும் வெடித்தது. வீட்டை அடமானம் வைத்தவர்கள், நகையை விற்றவர்கள், ஓய்வூதியப் பணத்தை அப்படியே போட்டவர்கள் எல்லா மதத்திலும் இருந்தார்கள்.

கணக்கு கடினமானதில்லை. லட்ச ரூபாய்க்கு மாதம் 30,000 என்றால் நாலாவது மாதமே போட்டதற்கு மேல் திரும்பி வந்துவிட வேண்டும். எந்தத் தறி நெய்து, எந்த நெல் விற்று இந்தப் பணம் வரும்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். படித்தவர்களும் கேட்கவில்லை. கொண்டுவந்தவர் தெரிந்தவர் என்பதுதான் காரணம்: பக்கத்து வீட்டு அண்ணன், உடன் வேலை பார்க்கும் ஆசிரியர், சபையில் “பிரதர்” என்று கூப்பிடுகிறவர்.

யோசுவா 9-ஆம் அதிகாரம் இதைத்தான் சொல்கிறது. பக்கத்து ஊரான கிபியோனிலிருந்து வந்தவர்கள், தூரதேசத்திலிருந்து வருகிறோம் என்று காட்டப் பூசணம் பூத்த அப்பத்தையும் கிழிந்து தைத்த துருத்திகளையும் எடுத்துவந்தார்கள். இஸ்ரவேலின் பெரியவர்கள் அப்பத்தைப் பரிசோதித்தார்கள், கர்த்தரிடம் விசாரிக்கவில்லை. நாம் கவனிக்காமல் விடுகிற இடம் ஒன்று அங்கே உண்டு. வந்தவர்கள் கர்த்தருடைய நாமத்தின் புகழைக் கேட்டுத்தான் வந்ததாகச் சொல்கிறார்கள். ஏமாற்று பக்தி பாஷையில் வந்தது. யாராவது உங்களிடம் பணத் திட்டம் ஒன்றைப் பேசும்போது நடுவில் “கர்த்தர் திறந்த வாசல்” என்று சொன்னால், அந்த நிமிஷத்திலேயே பேச்சை நிறுத்தி மறுநாள் வரச் சொல்லுங்கள்.

ஜெபத்தோடு செய்ய வேண்டிய வேறு வேலைகளும் உண்டு. டெபாசிட் வாங்க அந்த நிறுவனத்துக்கு அனுமதி உண்டா என்று ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்தில் பார்க்கலாம். 2019-இல் வந்த சட்டம் ஒழுங்குமுறைக்கு உட்படாத டெபாசிட் திட்டங்களையே தடை செய்கிறது. இதைப் பார்ப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவருக்கு எவ்வளவு கமிஷன் என்று கேளுங்கள்.

“கர்த்தர் எனக்குச் சொன்னார்”

வீடு தேடி வந்து தீர்க்கதரிசனம் சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சிலர் உண்மையானவர்கள். ஒருவர் ஜெபிக்கும்போது நம் மனசில் யாருக்கும் தெரியாமல் கிடந்த ஒன்றைத் தொட்டுவிடுவதைப் பலரும் அனுபவித்திருக்கிறோம். ஆனால் “இந்தப் பையனைக் கட்டு”, “அந்த ஆபரேஷன் வேண்டாம்”, “இந்த மாசம் இவ்வளவு காணிக்கை விதை” என்று குறிப்பாகச் சொல்லும்போது என்ன செய்வது?

எரேமியா 28-ஐப் போல இதற்குப் பயன்படுகிற பகுதி வேறு இல்லை. அனனியா ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக நின்று, இரண்டு வருஷத்தில் பறிபோனதெல்லாம் திரும்பி வரும் என்று நல்ல வார்த்தை சொல்கிறான். எரேமியா ஆமென் என்கிறார், அப்படியே நடக்கட்டும் என்று விரும்புகிறார். ஆனாலும் முற்காலத்துத் தீர்க்கதரிசிகள் எப்படிப்பட்டதைச் சொன்னார்கள் என்று நினைவுபடுத்துகிறார், சமாதானம் சொல்கிறவனை நடந்தேறுவதை வைத்துத்தான் அறிய வேண்டும் என்கிறார். அனனியா அவர் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். எரேமியா பதில் பேசாமல் போய்விடுகிறார். மறுவார்த்தை பிறகுதான் வருகிறது. இவ்வளவு பெரிய தீர்க்கதரிசிக்கே அந்த இடத்திலேயே பதில் இல்லை. நமக்கு மட்டும் ஏன் அங்கேயே, அப்போதே, கண்ணை மூடின நிலையிலேயே சம்மதம் கேட்கிறார்கள்?

வார்த்தை உண்மையானதாக இருந்தால் ஒரு வாரம் தாமதித்தால் கெட்டுப்போகாது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சொன்னவருக்கு இதில் ஆதாயம் உண்டா என்று பாருங்கள். சபையில் உள்ள வேறொருவரிடம் இதைச் சொல்லக் கூடாது என்று எச்சரித்தாரா? அப்படியானால் அதுவே போதுமான பதில். மருத்துவத்தை நிறுத்தச் சொல்கிற வார்த்தைக்கு மட்டும் வாரக் கணக்கும் வேண்டாம். நிறுத்தாதீர்கள். சர்க்கரை மாத்திரையை விட்டுவிட்டுச் சாட்சி சொல்ல மேடை ஏறியவர்களின் கதைகளில் எத்தனை ஆறு மாதத்துக்குப் பிறகு மறுபடி சொல்லப்படுகின்றன?

வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. புது வருஷ ஆராதனையில் அட்டை எடுப்பது இனிமையான வழக்கம். அதை நான் விட மாட்டேன். அது அந்த வருஷம் முழுக்கத் தியானிப்பதற்கு. கடன் வாங்கலாமா என்று தீர்மானிப்பதற்கு அல்ல.

மனசு தாழ்ந்திருக்கும்போது

கத்தோலிக்க வாசகர்களுக்குப் புனித இஞ்ஞாசியாரைத் தெரியும். மற்றவர்களும் அவரிடம் கடன் வாங்கலாம். 1521-இல் பாம்ப்லோனாக் கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து மாதக்கணக்கில் படுத்திருந்தவர், பொழுதுபோகாமல் இரண்டு வகைக் கனவு கண்டார். ஒன்று சீமாட்டிகளின் முன் வீரம் காட்டுவது, மற்றொன்று புனிதர்களைப் போல வாழ்வது. கனவு காணும்போது இரண்டுமே இனித்தன. முடிந்தபின் முதலாவது மனசை வறட்சியாக விட்டது, இரண்டாவது நிறைவாக விட்டது. அந்தப் பின்சுவையைக் கவனித்ததிலிருந்துதான் அவருடைய பயிற்சிகள் பிறந்தன.

அவர் தந்த விதிகளில் நமக்கு உடனே உதவக்கூடியது ஒன்று: மனம் வறண்டு, ஜெபம் கசந்து, எல்லாம் இருட்டாகத் தெரிகிற நேரத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றக் கூடாது. ஐப்பசி மழையில் பாவு காயாமல், கூலி வராமல், வீட்டில் சண்டையும் நடந்த ராத்திரியில் “திருப்பூருக்குப் போயிடலாம்” என்று தோன்றினால், அது வழிநடத்துதலாக இருக்கலாம், அலுப்பாகவும் இருக்கலாம். வெயில் வந்த பிறகும் அதே எண்ணம் நின்றால் அப்போது பேசுங்கள்.

ஓர் இரவும் பல வருஷங்களும்

வட ஆற்காட்டு மாவட்டங்களின் பிரசங்கங்களில் அடிக்கடி வருகிற கதை ஐடா ஸ்கடருடையது. ஆற்காடு மிஷனை 1853-இல் தொடங்கிய ஸ்கடர் குடும்பத்தின் பெண், 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அந்த மிஷனுக்கு ஆரணியிலும் நிலையம் இருந்தது, தொழிற்பள்ளி இருந்தது. இளம்வயதில் ஐடாவுக்கு மிஷனரியாக விருப்பமே இல்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் கதவைத் தட்டி, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியைப் பார்க்க வரும்படி கேட்டார்கள். ஆண் மருத்துவரான அவருடைய தகப்பனார் வருவதை அவர்கள் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா மருத்துவம் படிக்கத் தீர்மானித்தார்.

கதையை இங்கேயே நிறுத்தி, “உன் கதவையும் கர்த்தர் தட்டுகிறார்” என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. அந்த இரவுக்குப் பிறகு வந்த வருஷங்களில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. அவர் அடுத்த நாளே பிரசவம் பார்க்கக் கிளம்பிவிடவில்லை. அமெரிக்கா போய்ப் படித்து, 1899-இல் கார்னெலில் பட்டம் பெற்று, 1900-இல் வேலூருக்குத் திரும்பினார். 1902-இல் மருத்துவமனை, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அழைப்பு ஓர் இரவில் வந்தது, அதற்குத் தகுதியாக வருஷங்கள் பிடித்தன. அழைப்பு வந்த மறுநாளே படிப்பை விட்டுவிடுகிற இளைஞர்களுக்கு இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

இன்னும் குறைவாகப் பேசப்படுகிற ஒரு பகுதி உண்டு. 1930-களின் கடைசியில் சென்னை மாகாண அரசு பழைய மருத்துவச் சான்றிதழ் படிப்பை மூடியது. பள்ளி எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர வேண்டும், இல்லாவிட்டால் மூட வேண்டும். உயர்த்தப் பணமும் கூட்டாளிகளும் தேவை, அதற்கு ஆண்களையும் சேர்க்க வேண்டியிருந்தது. பெண்களுக்காகப் பெண்கள் நடத்துவது என்ற எண்ணத்தோடு பல வருஷம் நிதி திரட்டித் தந்த லூசி பீபாடி அமெரிக்காவிலிருந்து கடுமையாக எதிர்த்தார். இங்கே நல்லதும் கெட்டதும் மோதவில்லை, இரண்டு நல்ல காரியங்கள் மோதின. பெண்களுக்கென்றே ஓர் இடம் என்பது உண்மையான தரிசனம். நிறுவனம் பிழைத்தால்தான் பெண்களுக்குச் சிகிச்சை என்பதும் உண்மை. ஐடா பழைய தோழியின் மனக்கசப்பைத் தாங்கிக்கொண்டு இருபாலரும் படிக்கும் கல்லூரிக்கு ஒப்புக்கொண்டார். 1942-இல் தரம் உயர்ந்தது, 1947-இல் ஆண் மாணவர்கள் வந்தார்கள்.

பரம்பரைத் தறியை விட்டுப் பிள்ளையைப் படிக்கச் சென்னைக்கு அனுப்புவதா, வயதான அப்பாவுக்காக அவனை ஆரணியிலேயே வைத்துக்கொள்வதா என்று நீங்கள் தவிப்பதும் இதே வகைதான். இரண்டும் நல்லது என்னும்போது “எது தேவசித்தம்” என்ற கேள்வி நம்மை முடக்கிவிடும். எதைத் தேர்ந்தால் யாருக்கு என்ன நஷ்டம், அந்த நஷ்டத்தை யார் சுமப்பார்கள், அவர்களிடம் கேட்டீர்களா என்று கேட்டால் நகர முடியும்.

கூடி யோசிப்பது

ஆரணியில் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அந்தத் திருச்சபை எப்படி உருவானது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1919-இல் தரங்கம்பாடியில், பிஷப் அசரியாவும் மற்றவர்களும் சேர்ந்து சபைகள் ஒன்றாவதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். திருச்சபை பிறந்தது 1947 செப்டம்பர் 27. நடுவில் 28 வருஷங்கள். பிஷப் இல்லாத சபைகளும் பிஷப் உள்ள சபைகளும் ஒரு வார்த்தைக்காக வருஷக்கணக்கில் வாதாடின. அசரியா 1945-இன் முதல் நாளிலேயே இறந்துவிட்டார். அவசரப்பட்டிருந்தால் ஐந்து வருஷத்தில் ஒன்றாகி ஆறாவது வருஷத்தில் கோர்ட்டுக்குப் போயிருப்பார்கள்.

வீட்டுக் காரியத்துக்கு 28 வருஷம் வேண்டாம், மூன்று பேர் போதும். ஆனால் யார் அந்த மூன்று பேர் என்பதில்தான் எல்லாரும் சறுக்குகிறோம். நாம் சொல்வதற்குத் தலையாட்டுகிறவர்களை அழைக்கிறோம். ஒருவர் அந்தத் துறையை அறிந்தவராக இருக்கட்டும். நிலம் வாங்கப் போகிறீர்கள் என்றால் பத்திரம் எழுதுகிறவர் போதும், அவர் எந்த மதமாக இருந்தால் என்ன? ஒருவர் உங்களை நெடுநாள் அறிந்தவர், உங்கள் பலவீனத்தை முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய அத்தையோ மாமாவோ. மூன்றாமவர் இந்த முடிவால் பாதிக்கப்படப் போகிறவர். பெரும்பாலும் மனைவி, அல்லது கல்யாணமாகப் போகிற அந்தப் பெண்ணே. அவளிடம் கேட்காமல் அவளுக்காக முழு இரவு ஜெபம் நடத்துகிற வீடுகளை என்னவென்று சொல்வது!

அவர்கள் யோசனை சொல்லவே வேண்டாம், கேள்வி கேட்டால் போதும். நீங்கள் பதில் சொல்லச் சொல்ல, எந்தக் கேள்விக்குக் கோபம் வருகிறது என்று கவனியுங்கள். அங்கேதான் ஏதோ ஒளிந்திருக்கிறது. யாக்கோபு 3-ஆம் அதிகாரம் பரத்திலிருந்து வருகிற ஞானத்துக்குச் சொல்லும் அடையாளங்களில், பிறர் சொல்வதற்கு இணங்குகிற குணமும் ஒன்று. விவாதிக்கவே முடியாத நிச்சயத்தோடு வருகிற ஒருவரிடம் அது இல்லை.

ராத்திரி நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தூங்குமுன் ஐந்து நிமிஷம். அன்றைக்கு எங்கே மனசு லேசானது, எங்கே இறுகியது என்று இரண்டு வரி எழுதினால் போதும். “முதலாளி கூலியைக் குறைத்தபோது பேசாமல் இருந்தேன். பயமா, பொறுமையா?” இப்படி. பதில் எழுத வேண்டாம், கேள்வியாகவே விடுங்கள். ஜெப வார்த்தைகளால் அலங்கரித்தால் பயனில்லை. இதைப் போதகரிடமோ ஜெபக்குழுவிலோ காட்ட வேண்டாம். காட்டுவதற்காக எழுதினால் உண்மை வராது.

மாதம் ஒருமுறை, சம்பள நாளன்று, முழுக்கப் புரட்டிப் பாருங்கள். ஒரே ஆள், ஒரே இடம், ஒரே மாதிரிக் கோபம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். முடிவு ஒன்று எடுத்திருந்தால் அதன் தேதியையும், அப்போது என்ன எதிர்பார்த்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து என்ன நடந்தது என்று அதன் கீழே எழுதுங்கள். நம் நினைவு எப்போதும் நமக்குச் சாதகமாகத்தான் சாட்சி சொல்லும், நோட்டு அப்படிச் செய்யாது.

தவறான முடிவு என்று தெரிந்தால்? கிபியோனியரிடம் ஏமாந்ததை மூன்றாம் நாளே தெரிந்துகொண்ட இஸ்ரவேலர், கொடுத்த ஆணையை முறிக்கவில்லை. அந்தச் சுமையோடேயே நடந்தார்கள். மட்டமான சம்பந்தம், விலை அதிகமான நிலம், கைவிட முடியாத ஜாமீன் என்று நம்மில் பலர் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறோம். அடிவாங்குகிற வீட்டிலிருந்து வெளியே வருவதும், மோசடிக்குப் போலீஸில் புகார் கொடுப்பதும் ஆணையை முறிப்பதாகாது. மற்றபடி கொடுத்த வார்த்தைக்கான தவணையைக் கட்டுங்கள். நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். அடுத்த சீட்டுக்காரர் வரும்போது கதவைத் திறப்பதற்கு முன் அதை எடுத்து வாசிக்க வேண்டியிருக்கும்.